ஹைப்ரிட் கார்களில் வினையூக்கி மாற்றித் திருட்டும் பாதுகாப்பு முறைகளும்

வினையூக்கி மாற்றித் திருட்டு என்பது, மோட்டார் வாகனத்தின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியை அறுத்தோ கழற்றியோ எடுத்துச் செல்லும் குற்றமாகும். பெட்ரோல் எஞ்சின், மின்மோட்டார் ஆகிய இரண்டாலும் இயங்கும் ஹைப்ரிட் கார்கள் இத்திருட்டுக்கு அதிகம் ஆளாகின்றன. அவற்றுள் டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் குறிப்பிடத்தக்கது. காரின் பூட்டை உடைக்காமல், கண்ணாடியைத் தொடாமல், அடியில் படுத்து ஓரிரு நிமிடங்களில் செய்து முடிக்கக்கூடிய திருட்டு இது. எனவே கதவைப் பூட்டுவது மட்டும் இதற்குப் போதிய பாதுகாப்பு ஆகாது.

வினையூக்கி மாற்றி என்றால் என்ன?

பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய நச்சு வாயுக்கள் கலந்திருக்கும். இவற்றைத் தீங்கு குறைந்த பொருள்களாக மாற்றும் உறுப்பே வினையூக்கி மாற்றி. கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரோகார்பன்கள் நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகப் பிரிகின்றன. மூன்று வேலைகளையும் ஒருங்கே செய்வதால் இதற்கு மும்முனை வினையூக்கி மாற்றி என்ற பெயரும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் இது எஃகாலான ஒரு சிறு உருளை போலவோ பெட்டி போலவோ தோன்றும். உள்ளே தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதன் மேல் அலுமினா பூசப்பட்டு, அப்பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக நுண்ணிய துகள்களாகப் படிந்திருக்கும். வினையூக்கி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும். ஆனால் தான் செலவழிந்து போகாது. ஆகவே பல ஆண்டுகள் ஓடிய காரின் மாற்றியிலும் இவ்வுலோகங்களில் பெரும்பகுதி எஞ்சியிருக்கும். பழைய கார்களும் திருடர்களின் பார்வையிலிருந்து தப்பாததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் யூஜின் ஹூட்ரி, 1950களில் வாகனப் புகைக்கான வினையூக்கி மாற்றியை உருவாக்கினார். அக்காலப் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்ததால், அது உடனே பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து அங்கு இக்கருவி பரவலானது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அப்போதே ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களில் விற்பனைக்கு வந்தது.

உலோக விலையும் திருட்டும்

ஒரு மாற்றியில் இருக்கும் விலையுயர்ந்த உலோகங்களின் எடை சில கிராம்கள்தாம். அந்தச் சில கிராம்களுக்காகத் திருடுவது ஏன் என்பதை ரோடியத்தின் விலையைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

உலகில் தோண்டி எடுக்கப்படும் ரோடியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அதன் பயன்பாட்டில் பெரும்பகுதி வாகன வினையூக்கி மாற்றிகளுக்கே செல்கிறது. மற்ற உலோகங்களுடன் துணைப்பொருளாகவே கிடைப்பதால், தேவை கூடும்போது உற்பத்தியை மட்டும் தனியே பெருக்க இயலாது. 2016ஆம் ஆண்டில் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 31.1 கிராம், ரோடியத்தின் விலை 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைவாக இருந்தது. 2021 மார்ச்சில் அது 29,000 டாலரைத் தாண்டியது. கிராம் கணக்கில் பார்த்தால் ஒரு கிராம் 900 டாலருக்கு மேல். அன்றைய தங்கத்தின் விலையைவிட இது பதினைந்து மடங்குக்கும் அதிகம்.

விலை ஏறியதும் திருட்டும் ஏறியது. அமெரிக்காவின் நேஷனல் இன்சூரன்ஸ் கிரைம் பியூரோ என்ற அமைப்பின் கணக்குப்படி, அந்நாட்டில் 2018இல் 1,298 மாற்றித் திருட்டுகள் பதிவாயின. 2020இல் அந்த எண்ணிக்கை 14,433. இரண்டே ஆண்டுகளில் பதினொரு மடங்கு உயர்வு. 2023இல் ரோடியம் 5,000 டாலருக்கும் கீழே இறங்கியது. சந்தை விலையோடு சேர்ந்து திருட்டு கூடிக் குறையும் என்பதால், விலை தணிந்திருக்கும் காலத்தில் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது.

ஹைப்ரிட் கார்கள் ஏன் குறிவைக்கப்படுகின்றன?

ஹைப்ரிட் காரில் எஞ்சின் இடைவிடாமல் ஓடுவதில்லை. மெதுவாகச் செல்லும்போதும், போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போதும் அது அணைந்துவிடும். தேவைப்படும்போது தானே இயங்கத் தொடங்கும். இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, மாற்றி அடிக்கடி சூடு தணிகிறது. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் வினையூக்கி நன்கு வேலை செய்யும். ஒவ்வொரு முறை எஞ்சின் உயிர்பெறும்போதும் விரைவில் செயல்படும் பொருட்டு, ஹைப்ரிட் கார்களின் மாற்றிகளில் விலையுயர்ந்த உலோகங்கள் செறிவாகப் பூசப்படுகின்றன. இரண்டாவது, கார் ஓடிய தூரத்தில் ஒரு பகுதியே எஞ்சினால் ஓடியது என்பதால் அப்பூச்சு குறைவாகவே தேய்கிறது. ஆகவே மறுசுழற்சிச் சந்தையில் இவற்றுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது.

பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது; 2000ஆம் ஆண்டில் பிற நாடுகளுக்கும் சென்றது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸ், அதாவது அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரையிலான மாதிரிகள், அதிகமாகத் தாக்கப்பட்டவற்றுள் அடங்கும் என்று அந்நாட்டின் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிடியூட் தெரிவித்துள்ளது. பிரித்தானியாவில் பிரியஸ், ஆரிஸ், ஹோண்டா ஜாஸ் ஆகியவற்றின் ஹைப்ரிட் மாதிரிகள் இத்திருட்டுக்கு மிகுதியாக ஆளாயின.

திருட்டு நடக்கும் முறை

பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேர் ஒரு வண்டியில் வருவார்கள். ஒருவர் ஜாக்கி வைத்துக் காரின் ஒரு பக்கத்தைத் தூக்குவார். மற்றொருவர் அடியில் நுழைந்து, பேட்டரியில் இயங்கும் அறுவைக்கருவியால் மாற்றியின் முன்னும் பின்னும் குழாயை அறுத்து எடுத்துவிடுவார். இன்னொருவர் தெருவைக் கண்காணிப்பார். தரையிலிருந்து உயரமாக நிற்கும் வேன்களுக்கும் லாரிகளுக்கும் ஜாக்கிகூடத் தேவையில்லை.

இரவு நேரத் தெரு மட்டுமே இதற்குக் களம் என்று எண்ண வேண்டாம். பல மணி நேரம் கார்கள் நிற்கும் ரயில் நிலைய வாகன நிறுத்தங்கள், வணிக வளாகங்கள், மருத்துவமனை வளாகங்கள் ஆகிய இடங்களிலும் பட்டப்பகலில் இது நடந்துள்ளது. காரின் அடியில் ஒருவர் படுத்திருந்தால் பழுதுபார்க்கிறார் என்றே வழிப்போக்கர் நினைப்பார்.

திருடப்பட்ட மாற்றிகள் பழைய உலோக வியாபாரிகள், இடைத்தரகர்கள் வழியாகப் பயணித்து, உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையைச் சென்றடைகின்றன. பெரும்பாலான மாற்றிகளில் குறிப்பிட்ட காரை அடையாளம் காட்டும் எண் எதுவும் இருப்பதில்லை. காவல்துறை நூறு மாற்றிகளைக் கைப்பற்றினாலும், எது யாருடையது என்று நிறுவ முடியாமல் வழக்கு வலுவிழப்பது இதனால்தான்.

திருடப்பட்டதை அறிவது எப்படி?

சாதாரண பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பியதும் சைலன்சர் இல்லாத வண்டியைப் போலப் பெருத்த உறுமல் கேட்கும். ஹைப்ரிட் காரில் நிலைமை வேறு. கார் மின்மோட்டாரால் சத்தமின்றிக் கிளம்பிவிடுவதால், சிறிது தூரம் சென்று எஞ்சின் இயங்கத் தொடங்கும்போதுதான் உரிமையாளருக்குத் திருட்டு தெரியவரும். மாற்றியோடு ஆக்சிஜன் உணரியின் கம்பியும் அறுபட்டிருந்தால், முகப்புப் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும்.

இந்நிலையில் காரைத் தொடர்ந்து ஓட்டுவது நல்லதல்ல. அறுபட்ட இடத்தில் வெளியேறும் புகை பயணிகள் அமரும் பகுதிக்குள் புகக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூச்சில் கலந்தால் மயக்கத்தையும் உயிரிழப்பையும் ஏற்படுத்தும். காரை ஓரமாக நிறுத்தி, மீட்பு வண்டியில் பணிமனைக்குக் கொண்டுசெல்வதே பாதுகாப்பானது.

உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பு

திருடருக்குச் சில நூறு டாலர் கிடைக்கும் இடத்தில், உரிமையாளருக்கு ஆகும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. தயாரிப்பு நிறுவனத்தின் அசல் உறுப்பையே பொருத்தினால் இன்னும் பல மடங்காகலாம். அவசரமாக அறுக்கும்போது எரிபொருள் குழாய், மின்கம்பிகள் போன்றவையும் சேதமடைவது உண்டு.

பழைய காராக இருந்தால் இழப்பின் தன்மையே மாறிவிடுகிறது. பழுதுபார்க்கும் செலவு காரின் சந்தை மதிப்பை நெருங்கும்போது, காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாக அறிவித்துவிடலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஒரே இரவில் பழைய இரும்பாகிவிடும். பயன்படுத்திய பிரியஸ் கார்களை வாங்கி வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர்கள் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்கு மாற்று உறுப்பு வரும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வருமானமில்லாத நாள். ஏழைகளை அதிகம் பாதிக்கும் திருட்டு இது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு முறைகள்

எந்த ஒரு முறையும் முழுமையான பாதுகாப்பைத் தராது. திருடருக்கு ஆகும் நேரத்தையும், எழும் சத்தத்தையும், மாட்டிக்கொள்ளும் வாய்ப்பையும் கூட்டுவதே எல்லா முறைகளின் நோக்கமும் ஆகும். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்துக் கையாள்வது நல்லது.

நிறுத்துமிடம்: பூட்டிய கொட்டகையே சிறந்தது. அது இல்லாதபோது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். புகைக்குழாய் உள்ள பக்கம் சுவரையோ உயரமான நடைபாதை விளிம்பையோ ஒட்டி இருந்தால் அடியில் நுழைவது கடினம். வீட்டில் இரண்டு கார்கள் இருந்தால், தாழ்வான காரை ஹைப்ரிட் காருக்கு நெருக்கமாக நிறுத்தி அதை மறைக்கலாம். கொட்டகைக்கு வெளியே அசைவை உணர்ந்து எரியும் விளக்கு, செலவு குறைந்த நல்ல துணை.

கவசத்தகடு: மாற்றியின் அடிப்பகுதியை மறைக்கும் அலுமினிய அல்லது துருவேறா எஃகுத் தகடு இது. எளிதில் கழற்ற முடியாத தனிவகைத் திருகாணிகளால் காரின் அடிச்சட்டத்தில் பொருத்தப்படும். பிரியஸ் போன்ற கார்களுக்கு அளவெடுத்துச் செய்த தகடுகள் கிடைக்கின்றன. கடினமான எஃகுக் கம்பிகளாலும் வடங்களாலும் ஆன கூண்டு இன்னொரு வகை. பிரித்தானியாவில் டொயோட்டா நிறுவனம் கேட்லாக் என்ற பூட்டு அமைப்பைத் தன் ஹைப்ரிட் கார்களுக்கு வழங்குகிறது.

அடையாளமிடல்: காரின் அடிச்சட்ட எண்ணையோ பதிவெண்ணையோ மாற்றியின் எஃகு உறையில் பொறித்து, வெப்பம் தாங்கும் பளிச்சென்ற வண்ணத்தைப் பூசலாம். இது அறுப்பதைத் தடுக்காது. ஆனால் விற்பதைக் கடினமாக்கும். பிடிபட்டால் உரிமையாளரை அடையாளம் காட்டும். மேலே கூறிய வழக்குச் சிக்கலுக்கு இது நேரடித் தீர்வு. அமெரிக்காவில் பல ஊர்களின் காவல்துறையினர் இலவச முகாம்கள் நடத்தி இப்பணியைச் செய்து தந்துள்ளனர்.

சாய்வு உணரும் அலாரம்: கதவு திறந்தால் மட்டும் ஒலிக்கும் அலாரம் இங்கு பயன்படாது. ஜாக்கியால் கார் சாயும்போதும், அறுவையின் அதிர்வு ஏற்படும்போதும் ஒலிக்கும் உணரி தேவை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஹைப்ரிட் காரின் அடியில் வேலை செய்வது சாதாரணக் காரின் அடியில் வேலை செய்வது போன்றதல்ல. பிரியஸ் காரின் பின்பகுதியில் உள்ள பேட்டரி சுமார் 200 வோல்ட் அழுத்தம் கொண்டது. அங்கிருந்து முன்பக்கத்துக்குச் செல்லும் உயர் அழுத்தக் கம்பிகள் காரின் அடித்தளம் வழியாகச் செல்கின்றன. இவ்வகைக் கம்பிகள் ஆரஞ்சு நிற உறையிடப்பட்டிருக்கும். துளையிடுதல், வெல்டிங் செய்தல் ஆகியவற்றை ஹைப்ரிட் கார்களில் பயிற்சி பெற்ற மெக்கானிக்கே செய்ய வேண்டும்.

மேலும், ஹைப்ரிட் கார் இயக்கநிலையில் இருந்தால் எஞ்சின் எந்த நேரமும் தானே இயங்கத் தொடங்கும். ஆகவே முகப்பில் ரெடி என்ற விளக்கு அணைந்திருப்பதை உறுதிசெய்த பிறகே அடியில் இறங்க வேண்டும். மாற்றி கடுமையாகச் சூடாகும் உறுப்பு என்பதால், காற்றோட்டத்துக்கு இடம்விட்ட தகடுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முழுக் காரையும் திருடும் முறைகள்

சாவியைச் செருகாமல் பொத்தானை அழுத்தி இயக்கும் வசதி பெரும்பாலான ஹைப்ரிட் கார்களில் உண்டு. இவ்வசதியிலும் ஓட்டைகள் உள்ளன. சாவி வீட்டுக்குள் இருக்கும்போது, ஒருவர் கதவருகே ஒரு கருவியையும் மற்றொருவர் காரருகே இன்னொரு கருவியையும் பிடித்து, சாவிக்கும் காருக்கும் இடையிலான வானொலிச் சைகையைக் கடத்துவார்கள். சாவி பக்கத்தில் இருப்பதாக எண்ணிக் கார் திறந்துகொள்ளும். ஹைப்ரிட் கார் ஓசையின்றி நகர்வதால் வீட்டார் விழித்தெழவும் வாய்ப்பில்லை.

சாவியை உலோக இழை கொண்ட உறையில் வைப்பது இதற்கு எளிய மாற்று. உறையிலிட்ட சாவியுடன் காரருகே நின்று கதவைத் திறக்க முயன்றால், உறை உண்மையில் பயன்படுகிறதா என்பது தெரிந்துவிடும். டொயோட்டாவின் பல மாதிரிகளில், பூட்டும் பொத்தானை அழுத்தியபடியே திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால் சாவி ஓய்வுநிலைக்குச் செல்லும். அப்போது அது சைகை அனுப்பாது.

முகப்பு விளக்கின் இணைப்பு வழியாகக் காரின் உள் தகவல் வலையில் பொய்ச் செய்திகளைப் புகுத்தித் திறக்கும் முறை ஒன்றையும் 2023 ஏப்ரலில் பொறியாளர் கென் டிண்டெல் விரிவாக விளக்கினார். இம்முறைக்குச் சாவியின் சைகையே தேவையில்லை. எனவே உறை இதைத் தடுக்காது. ஸ்டீயரிங்கில் மாட்டும் பழைய பாணி இரும்புப் பூட்டு இங்கே கைகொடுக்கிறது. அதை எந்த மின்சைகையாலும் திறக்க முடியாது.

சட்ட நடவடிக்கைகள்

திருட்டுப் பொருளை வாங்குபவர் இல்லாவிட்டால் திருட்டு நிலைக்காது. ஆகவே பல நாடுகளின் சட்டங்கள் வாங்குபவரைக் குறிவைக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013ஆம் ஆண்டுப் பழைய உலோக வியாபாரிகள் சட்டம், பழைய உலோகத்தை ரொக்கம் கொடுத்து வாங்குவதைத் தடைசெய்கிறது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டங்கள், கழற்றிய மாற்றிகளை யாரிடமிருந்து வாங்கலாம் என்பதை வரையறுத்து, வியாபாரிகள் ஆவணங்களைப் பேண வேண்டும் என்கின்றன. 2022 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை ஐந்து மாநிலங்களில் 21 பேர் மீது நடவடிக்கை எடுத்தது. தெருவில் அறுத்தவர்கள் முதல் மொத்தமாக வாங்கி விற்றவர்கள் வரை அதில் சிக்கினர்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டையும், 317ஆம் பிரிவு திருட்டுப் பொருளை அறிந்தே பெறுவதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக வரையறுக்கின்றன.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் இக்குற்றம் சைலன்சர் திருட்டு என்ற பெயரில் அறியப்படுகிறது. குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள் தொடர்ச்சியாகத் திருடப்பட்டுள்ளன. ஈகோ ஹைப்ரிட் வண்டி அல்ல. ஆனால் அதன் மாற்றி எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளது. 2022இல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஹைப்ரிட் மாதிரிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட் கார்கள் பல ஆண்டுகளாகப் பெருமளவில் ஓடுகின்றன. பழைய ஹைப்ரிட் கார் வாங்குவோர் அசல் மாற்றி இருக்கிறதா, அதன் இடத்தில் வெறுங்குழாய் பொருத்தப்பட்டுள்ளதா என்று காரைத் தூக்கிப் பார்த்து வாங்குவது நல்லது. பணிமனையில் விட்டு எடுக்கும்போதும் இதைச் சரிபார்க்கலாம்.

திருட்டு நடந்துவிட்டால்

காரை நகர்த்துவதற்கு முன் அறுபட்ட இடத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும். பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் உள்ள கண்காணிப்பு கேமராக்களின் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால், அவற்றை உடனே கேட்டுப் பெறுவது பயனளிக்கும்.

அடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு இவ்விழப்பு ஈடுசெய்யப்படாது. முழுமைக் காப்பீடு தேவை. அதிலும் காரின் வயதுக்கேற்பத் தேய்மானக் கழிவு பிடிக்கப்படும்.

செலவைக் குறைக்க மாற்றியே இல்லாமல் நேர்க்குழாய் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இது சட்டப்படி தவறு. மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையில் கார் தேறாமல் போகலாம். காவல்துறைக்குப் புகார் அளிக்காமல் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் மாற்றியை வாங்குவதும் தவறே. அது வேறொருவர் காரிலிருந்து அறுக்கப்பட்டதாக இருக்கலாம். அத்தகைய பொருளுக்குப் பணம் கொடுப்பவர் இருக்கும்வரை, அடுத்த காரின் அடியில் அறுவைக்கருவியுடன் ஒருவர் நுழைந்துகொண்டுதான் இருப்பார். ரசீதும் உறுப்பு எண்ணும் தரும் கடையில் மட்டுமே மாற்றியை வாங்கி, பொருத்தும்போதே அதில் காரின் எண்ணைப் பொறித்துவிட வேண்டும்.